ஐந்து பேருக்கு பாஸ்போர்ட்: தட்கலா, சாதாரணமா, புரோக்கரா?

நாத்தனார் மகளுக்கு ஆவணியில் மலேசியாவின் கிள்ளானில் கல்யாணம். தை பிறந்ததுமே போன் வந்துவிட்டது. "எல்லாரும் வரணும் அண்ணி, அம்மாவ விட்டுட்டு வந்துடாதீங்க." தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டில் ஐந்து பேர்: நான், வீட்டுக்காரர், அத்தை (அவருடைய அம்மா), பெண், பையன். வீட்டில் இருந்த ஒரே பாஸ்போர்ட் என்னுடையது. அதுவும் அந்த மாதத்தோடு காலாவதி.

மலேசியாவுக்கு விசா கவலை இல்லை. 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் போகலாம். அந்தச் சலுகை 2026 கடைசி வரை இருக்கிறது. இறங்குவதற்கு முந்தைய 3 நாளுக்குள் ஆன்லைனில் வருகை அட்டை ஒன்றை நிரப்பினால் போதும். ஆனால் அங்கே இறங்கும் நாளில் பாஸ்போர்ட்டுக்குக் குறைந்தது 6 மாத ஆயுள் மிச்சம் இருக்க வேண்டும். எனவே ஐந்து புத்தகத்தை எந்த வழியில் வாங்குவது என்பதுதான் எங்கள் வீட்டில் இரண்டு வாரம் ஓடிய பஞ்சாயத்து.

எதிர்வீட்டு அண்ணன் "தட்கல் போடும்மா, மூணு நாள்ல கையில இருக்கும்" என்றார். வீட்டுக்காரரோடு துறைமுகத்தில் வேலை செய்கிறவர், தனக்குத் தெரிந்த ஆள் ஒருவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார் என்றார். என் தம்பி மட்டும் "நாமே போடலாம்க்கா, இதுல என்ன இருக்கு" என்றான். மூன்று பேர் சொன்னதையும் ஒரு நோட்டில் எழுதிக் கணக்குப் போட்டேன்.

36 பக்கப் புத்தகம் சாதாரண முறையில் பெரியவர்களுக்கு 1,500 ரூபாய், 18 வயதுக்குக் கீழே 1,000. முதன்முறை எடுக்கும் 8 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் 60 வயது தாண்டியவர்களுக்கும் 10 சதவீதம் தள்ளுபடி உண்டு. அதன்படி எனக்கும் வீட்டுக்காரருக்கும் தலா 1,500, அத்தைக்கு 1,350, பையனுக்கு 900, பெண்ணுக்கு 1,500 (அவளுக்கு ஏன் 1,000 இல்லை என்பதைப் பிறகு சொல்கிறேன்). மொத்தம் 6,750 ரூபாய். தட்கல் என்றால் ஒவ்வொருவருக்கும் மேலே 2,000 ரூபாய், தள்ளுபடியும் கிடையாது. ஐந்து பேருக்கு 17,000. புரோக்கர் கேட்டது சாதாரணக் கட்டணத்துக்கு மேல் ஆளுக்கு 1,500, அதாவது கூடுதலாக 7,500. ஒரு ஆளுக்கான டிக்கெட்டில் பாதிக்கு மேல் இந்த வித்தியாசத்திலேயே போய்விடும் போலிருந்தது.

சரி, காசு போனால் போகட்டும், வேலை நடந்தால் போதும் என்று நினைக்கிறவர்களுக்குத்தான் அடுத்த விஷயம். தட்கல் என்பது காகிதம் சரியாக இருக்கிறவர்களுக்கு மட்டும் வேகம். ஆதார், வாக்காளர் அட்டை, பான், ரேஷன் அட்டை, ஓட்டுநர் உரிமம், பிறப்புச் சான்றிதழ், வங்கிப் பாஸ்புக் மாதிரியான ஒரு பட்டியலில் இருந்து மூன்று ஆவணம் காட்ட வேண்டும். மூன்றிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். அப்படி ஒத்துப்போனால் போலீஸ் சரிபார்ப்பைப் பின்னால் வைத்துக்கொண்டு மூன்றாவது வேலை நாளில்கூட அனுப்பிவிடுவார்கள். எங்கள் அத்தையின் மூன்று காகிதத்தில் மூன்று அத்தைகள் இருந்தார்கள். ஆதாரில் பிறந்த நாள் ஜனவரி 1. வாக்காளர் அட்டைப்படி இரண்டு வயது இளையவர். ஒன்றில் பெயர் "அம்மாள்" என்று முடிகிறது, இன்னொன்றில் "அம்மா". ரேஷன் அட்டையில் இனிஷியலே வேறு, கல்யாணத்துக்கு முந்தையது. இந்த நிலையில் 3,500 கட்டினாலும் வேகம் கிடைக்காது. தட்கல் கேட்பவருக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. முடிவு அங்கே இருக்கும் அதிகாரியுடையது. அவசரப்படுகிற வீடுகளில் பாதிக்கு அவசரமே காகிதம் கோணலாக இருப்பதால்தான் வருகிறது. அந்த வீடுகளுக்குத் தட்கல் ஒத்தாசை செய்யாது.

இதில் நான் கண்டுகொண்டது இதுதான்: குடும்பமாகப் போகும்போது யாருடைய காகிதம் மோசமோ அவர்தான் பயணத் தேதியை முடிவு செய்கிறார். எனவே காகிதம் சரிசெய்ய வேண்டிய வரிசையில் முதல் பெயராக அத்தையை நோட்டில் எழுதினோம், இரண்டாவது பையன். நானும் வீட்டுக்காரரும் கடைசி.

புரோக்கர் வழியை முழுக்க ஒதுக்கவில்லை, அத்தைக்கு மட்டும் முயன்று பார்த்தோம். வீட்டுக்காரர் வற்புறுத்தல். பெயர் வேண்டாம், நல்லபடியாகப் பேசுகிற மனிதர்தான். வாக்காளர் அட்டையில் இருந்த பிறந்த தேதியைப் போட்டார். சர்நேம் கட்டத்தில் ஒற்றை எழுத்து இனிஷியலைப் போட்டார். கைபேசி எண்ணாகத் தன் எண்ணையே கொடுத்தார். அமைந்தகரை பாஸ்போர்ட் மையத்தில் இரண்டாவது கவுன்ட்டரில் ஒரிஜினலைப் பார்த்ததும் கோப்பு நின்றுவிட்டது. வேறு தேதி எடுக்கலாம் என்று பார்த்தால் கணக்கின் கடவுச்சொல் அவரிடம், குறுஞ்செய்தி எல்லாம் அவர் போனுக்கு. அவரோ வேளாங்கண்ணி போயிருக்கிறார். ஒரு மாதம் போயிற்று.

அப்போதுதான் புரிந்தது, புரோக்கரால் உண்மையில் செய்ய முடிகிற வேலை எவ்வளவு சின்னது என்று. படிவம் நிரப்புவார், பணம் கட்டுவார், தேதி எடுப்பார். மையத்துக்குள் அவர் வர முடியாது. போட்டோவும் கைரேகையும் நேரில் எடுப்பதால் நாம்தான் போக வேண்டும். போலீஸ் சரிபார்ப்புக்கும் நாம்தான் இருக்க வேண்டும். படிவம் நிரப்பத் தெரியவில்லை என்றால் தெருமுனை நெட் சென்டரில் உட்கார்ந்து கையோடு நிரப்பச் சொல்லுங்கள், தப்பில்லை. ஆனால் போன் எண், மின்னஞ்சல், கடவுச்சொல் மூன்றும் உங்களுடையதாக இருக்கட்டும். இன்னொன்று: தேடலில் முதலில் வருகிற தளமெல்லாம் அரசுத் தளம் இல்லை. முகவரி 'கவ் டாட் இன்' (gov.in) என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

அத்தைக்கு என்ன செய்தோம்? ஆதாரை அடிப்படையாக வைத்துக்கொண்டோம். 2023 அக்டோபர் 1-க்கு முன் பிறந்தவர்களுக்குப் பிறந்த தேதிக்குப் பான், வாக்காளர் அட்டை மாதிரி பல ஆவணங்களில் ஒன்றை ஏற்கிறார்கள். வாக்காளர் அட்டையையும் ரேஷன் அட்டையையும் ஆதாருக்கு ஏற்பத் திருத்தி, அது முடிந்த பிறகே சாதாரண முறையில் புதிதாகப் போட்டோம். திருத்தத்துக்கு ஐந்து வாரம், அதன் பிறகு பாஸ்போர்ட்டுக்கு மூன்றே வாரம்.

பையன் விஷயம் வேறு. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் தண்ணீர் வடிந்து நாலாம் நாள் பிறந்தவன். 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குப் பிறந்த தேதிக்கு ஆதாரம் பிறப்புச் சான்றிதழ் ஒன்றுதான். 2025-ல் விதியை அப்படி மாற்றிவிட்டார்கள். மாநகராட்சி இணையதளத்தில் சான்றிதழை இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். இறக்கிப் பார்த்தால் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. ராயபுரத்தில் பிறந்த வாரம் நாங்கள் இருந்த கோலத்தில் பெயர் எங்கே வைத்தோம்? ஓராண்டுக்குள் பெயரைச் சேர்த்தால் கட்டணம் இல்லை, அதற்குப் பிறகு தாமதக் கட்டணம். மண்டல அலுவலகத்துக்கு இரண்டு நடை. ஏற்றும்போது எழுத்துக்கூட்டலை நிதானமாகப் பாருங்கள், பதிந்த பெயரைப் பிறகு எளிதில் மாற்ற முடியாது. சின்னக் குழந்தை வைத்திருப்பவர்கள், பயணம் இருக்கிறதோ இல்லையோ, இன்றே அந்தச் சான்றிதழை ஒருமுறை இறக்கிப் பார்த்துவிடுங்கள்.

அடுத்து, ஐந்து பேரும் ஒரே நாளில் போவதா, பிரித்துப் போவதா. ஒரே நாள் என்றால் ஒரே லீவு, ஒரே ஆட்டோ என்று முதலில் எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொருவருக்கும் விண்ணப்பம் தனி, நேரம் தனி. எனக்கு 10 மணி, அத்தைக்கு 1 மணி என்று கிடைத்தால் இரண்டு வயதுப் பையனை வைத்துக்கொண்டு நாள் முழுக்க என்ன செய்வது? அதைவிடப் பெரிய காரணம் இன்னொன்று. பெற்றோரிடம் செல்லுபடியாகும் பாஸ்போர்ட் இருந்து, அதில் கணவன் மனைவி பெயர் ஒன்றில் ஒன்று ஏறியிருந்தால், பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் போலீஸ் சரிபார்ப்பு இல்லாமலே வந்துவிடுகிறது. முகவரிச் சான்றாகவும் பெற்றோர் பாஸ்போர்ட்டே போதும். எனவே காகித வேலையில் கடைசியாக இருந்தாலும், விண்ணப்பம் போடுவதில் பிள்ளைகளுக்கு முன் நாங்கள் இருவரும், பிள்ளைகள் பிறகு. நீங்கள் அவசரத்தில் இல்லையென்றால் இந்த வரிசைதான் என் கட்சி. அவசரம் என்றால் பெற்றோரில் காகிதம் சுத்தமாக இருக்கும் ஒருவருக்கு மட்டும் தட்கல் போட்டு, அந்தப் புத்தகத்தைக் காட்டிப் பிள்ளைகளுக்குச் சாதாரணமாகப் போடலாம். ஐந்து பேருக்கும் தட்கல் போடுவது என் கணக்கில் வீண்.

பெண்ணுக்கு வருகிறேன். தையில் அவளுக்கு 14 வயது 10 மாதம். 15 ஆவதற்கு முன் எடுத்தால் 5 ஆண்டு அல்லது 18 வயது, இரண்டில் எது முன்னால் வருகிறதோ அதுவரைதான் செல்லும். அதாவது 1,000 ரூபாய்க்கு மூன்று வருடம் சொச்சம். 15 ஆகிவிட்டால் 1,500 கட்டி 10 ஆண்டுக்கு எடுத்துக்கொள்ளலாம். இரண்டு மாதம் பொறுத்தால் அவள் 25 வயது வரை கவலை இல்லை. பொறுத்தோம். பிறந்தநாள் முடிந்து மூன்றாம் நாள் படிவம் போட்டோம். பரிசு எங்கே என்று கேட்டவளுக்கு ரசீதைக் காட்டினோம்; முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பிள்ளைகளின் விண்ணப்பத்தில் அப்பா, அம்மா இருவரும் கையெழுத்திட்ட உறுதிமொழி கட்டாயம், இணைப்பு 'டி' என்பார்கள். அதில் இருவர் கையெழுத்தும் இருந்தால் நேரில் ஒருவர் போதும். 4 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு மட்டும் வெள்ளைப் பின்னணியில் போட்டோ எடுத்துப் போக வேண்டும், மற்றவர்களுக்கு அங்கேயே எடுக்கிறார்கள். எங்கள் பையன் கண்ணைத் திறந்து நேராகப் பார்க்கிற ஒரு படத்துக்கு ஸ்டுடியோக்காரர் நாற்பது நிமிடம் கிலுகிலுப்பை ஆட்டினார்.

இனி, நம் ஆட்கள் அதிகம் குழம்பும் இடம்: பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான் உண்டு. படிவத்தில் இனிஷியலுக்குக் கட்டம் இல்லை. கிவன் நேம், சர்நேம் என்று இரண்டு கட்டம். சர்நேமைக் காலியாக விடலாம், அல்லது இனிஷியலை விரித்து அப்பா பெயரை அங்கே போடலாம். காலியாக விட்டால் நம் பெயர் நம் பெயராகவே இருக்கும், பள்ளிச் சான்றிதழோடும் ஒத்துப்போகும். என் பழைய புத்தகம் அப்படித்தான் இருந்தது. ஆனால் விமான டிக்கெட் தளங்கள் சர்நேம் இல்லாமல் நகரவே மாட்டா, ஒரே பெயரை இரண்டு முறை எழுதச் சொல்லும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் உள்ளவர்களுக்குச் சுற்றுலா விசாவில் அனுமதி இல்லை என்றே அறிவித்தது. இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கலாம் என்று பிறகு தளர்த்திக்கொண்டார்கள். மறுபடி எந்த நாடு எப்போது அப்படிச் சொல்லும் என்று யாருக்குத் தெரியும்?

அதனால் எல்லோருக்கும் சர்நேம் போடுவது என்று முடிவெடுத்தோம். பிள்ளைகளுக்கு அவர்கள் அப்பா பெயர். வீட்டுக்காரருக்கு அவர் அப்பா பெயர், அதாவது போய்ச் சேர்ந்து ஒன்பது வருடமான என் மாமனார். இனி விமான நிலையத்தில் இவரை மாமனார் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள் என்று விளக்கினேன். அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "ஒரு நாளும் மெட்ராஸ தாண்டாத மனுசன். இப்ப டிக்கெட் இல்லாம மலேசியா வராரு" என்றார்.

வீட்டுக்காரர் ஒன்பதாம் வகுப்போடு நின்றவர். பத்தாவது தேறாதவர்களுக்கு ஈ.சி.ஆர். என்ற முத்திரை வரும். சென்னையில் ஈ.சி.ஆர். என்றால் மகாபலிபுரம் போகிற சாலை; பாஸ்போர்ட்டில் அதற்குப் பொருள், குறிப்பிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும் முன் அரசிடம் குடியேற்ற அனுமதி வாங்க வேண்டும் என்பது. மலேசியாவும் அந்தப் பட்டியலில் இருப்பதால் வீட்டில் ஒரு நாள் சோறு இறங்கவில்லை. கல்யாணத்துக்கும் சுற்றிப் பார்க்கவும் போகிறவர்களுக்கு அந்த அனுமதி தேவையில்லை என்று தெரிந்த பிறகுதான் நிம்மதி. திரும்பும் டிக்கெட்டும் கல்யாணப் பத்திரிகையும் கையில் இருந்தால் கேள்வி வந்தாலும் காட்டிவிடலாம். வருமான வரி கட்டுகிறவர் என்று நிரூபித்தால் அந்த முத்திரை இல்லாமலே வாங்கலாம். இவர் கட்டுகிறவர்தான் என்பதால் அந்தக் காகிதத்தைக் கொடுத்துத் தவிர்த்துவிட்டோம். அத்தை பள்ளிக்கூடமே போகாதவர், ஆனால் 50 வயது தாண்டியவர்களுக்கு அந்தப் பேச்சே இல்லை.

மையத்தைப் பொறுத்தவரை சென்னையில் அமைந்தகரை, சாலிகிராமம், தாம்பரம் மூன்றும்தான் எங்கள் பேச்சில் இருந்தன. வடசென்னைக்காரர்களுக்கு அமைந்தகரை வசதி. 2021-ல் மெட்ரோ விம்கோ நகர் வரை நீண்ட பிறகு தண்டையார்பேட்டையில் ஏறி சென்ட்ரலில் பச்சை வழிக்கு மாறி, செனாய் நகரில் இறங்கி ஆட்டோ பிடித்தால் நெல்சன் மாணிக்கம் சாலை. அத்தைக்குப் படி ஏற வேண்டாம், லிப்ட் உண்டு. ஆனால் அங்கே தேதி தள்ளிக் கிடைத்தது. வீட்டுக்காரர் பீச் ஸ்டேஷனில் மின்ரயில் ஏறித் தாம்பரம் போய் ஒரு வாரம் முன்னதாகவே முடித்துவிட்டார். தனியாகப் போகிறவருக்குத் தூரம் பெரிய விஷயமில்லை, முதியவரையும் குழந்தையையும் கூட்டிப் போகிறவர் தேதியைவிடத் தூரத்தைப் பார்க்க வேண்டும். 2018-லிருந்து நாட்டின் எந்த மையத்திலும் விண்ணப்பிக்கலாம் என்பதால், சொந்த ஊர்ப் பக்கம் அஞ்சலக மையத்தில் தேதி காலியாக இருந்தால் அங்கேயும் போகலாம். போலீஸ் சரிபார்ப்பு மட்டும் படிவத்தில் கொடுத்த முகவரியில்தான் நடக்கும்.

அந்த முகவரி விஷயத்தில் குறுக்கு வழி வேண்டாம். நாங்கள் கொருக்குப்பேட்டையில் இருந்து மாறி வந்தவர்கள், ஆதார் பழைய முகவரியில் இருந்தது. "பழசையே கொடுத்துடு, ஹவுஸ் ஓனர் நம்மாளு" என்றார்கள். விசாரிக்க வரும்போது நாம் அங்கே இருக்க மாட்டோம். ஸ்பீட் போஸ்ட்டில் வரும் புத்தகமும் அங்கேதான் போகும். ஆதாரை மாற்றிவிட்டுப் போட்டோம்.

36 பக்கமா 60 பக்கமா என்று யோசிக்கவே வேண்டாம். 500 ரூபாய் வித்தியாசம். வியாபாரத்துக்கு மாதாமாதம் பறக்கிறவர்கள் வாங்கட்டும். என் பழைய புத்தகம் 10 வருடமும் ஒரு முத்திரைகூட விழாமல் கழிந்தது. இப்போது வருவது சிப் வைத்த இ-பாஸ்போர்ட், சென்னையில் 2025 மார்ச்சில் தொடங்கினார்கள், கட்டணம் அதேதான். ஆனால் கையில் செல்லுபடியாகும் பழைய புத்தகம் இருந்தால் சிப்புக்காக மாற்றத் தேவையில்லை.

வைத்திருப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. என் முதல் பாஸ்போர்ட் 2015 டிசம்பர் வெள்ளத்தில் பீரோவின் கீழ்த்தட்டில் ஊறிப்போனது. அப்போது வெள்ளத்தில் போனவற்றுக்கு அரசு கட்டணமில்லாமல் புதிது கொடுத்தது. எல்லா வெள்ளத்துக்கும் அப்படிக் கொடுப்பார்கள் என்று நம்பிக்கொண்டிருக்க முடியாது. சேதமானாலும் தொலைந்தாலும் சாதாரணமாக 3,000 ரூபாய். வங்கி லாக்கர் நல்லதுதான், ஆனால் எங்களுக்கு லாக்கர் இல்லை. எனவே ஜிப் கவரில் போட்டு, இறுக்க மூடும் டப்பாவில் வைத்து, பரணுக்கு ஏற்றியாயிற்று. முதல் பக்கத்தைப் படம் எடுத்து மூன்று பேர் போனில் வைத்திருக்கிறோம். எந்தப் புத்தகம் எந்த மாதம் முடிகிறது என்று பீரோ கதவின் உட்பக்கம் எழுதி ஒட்டியிருக்கிறேன், முடிவதற்கு ஓராண்டு முன்பே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம் என்பதால்.

டப்பாவில் இப்போது நான்கு புத்தகம். பையனுடையது அனுப்பியாகிவிட்டது என்று நேற்றுக் குறுஞ்செய்தி வந்தது, இந்த முறை என் போனுக்கு. காலையிலிருந்து அத்தை ஆதார் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறார், தபால்காரர் வந்து பெயரைக் கேட்டால் காட்டுவதற்கு.